போட்டுத் தக்கை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில நாங்க மீன் புடிக்கிற ஃபைபர் போட்டு முழுகிப் போச்சி. மகாபலிபுரம் கரையிலேர்ந்து கூப்புடு தூரம்தான். நானும் தங்கச்சி புருஷனும் நீந்தி வந்துட்டோம். வலையில காலு மாட்டி, மச்சான் வயிறு முட்ட உப்புத்தண்ணி குடிச்சிட்டான்.

கவுந்தப்பதான் பாத்தேன், அடியில தண்ணி வடியுற ஓட்டையில தக்கை இல்ல. போட்ட தள்ளறதுக்கு முன்ன தக்கைய அடிச்சி மாட்டறது மச்சான் வேல. அவன் இருமி முடிக்கல, சட்டைய புடிச்சிட்டேன்.

"சோத்தத்தான் துன்றியா? ஒரு தக்கைய மாட்ட துப்பில்ல, நீயெல்லாம் எதுக்குடா கடலுக்கு வர்ற?"

என் பொண்டாட்டி, புள்ளைங்க, தங்கச்சின்னு ஊரே நின்னுகினு இருந்துச்சி. அவன் என் கைய வெலக்கிட்டு வூட்டுக்கு நடந்தான். மறுவாரம் படூர்ல ஒரு அபார்ட்மென்டுக்கு வாட்ச்மேனா போய்ட்டான். போனா போறான்னு நானும் வுட்டுட்டேன்.

முழுகின அன்னிக்கே நாலு பேரு முங்கி கயிறு கட்டினாங்க, வேற ரெண்டு போட்ட வெச்சி கரைக்கு இழுத்தோம். இஞ்சின கழட்டினதும், "காத்து பட்டா துரு ஏறிடும், நல்லதண்ணி டிரம்முல முக்கி வை"ன்னு மெக்கானிக் சொன்னாரு. அப்புறம் பிரிச்சி, டீசல்ல கழுவி, ஒவ்வொரு போல்ட்டா தொடச்சோம். ஃபைபர் விரிசல் வுட்ட எடத்துல பசை பூசி ஒட்டினேன். ஆளில்லாம ஒத்தையில தேய்க்கும்போதெல்லாம் அவனத்தான் திட்டினேன்.

கடைசியா இஞ்சின மாட்ட பெரிய ஸ்பேனர் வேணும். பூஜைக்கு வெச்ச சாமானெல்லாம் வூட்டுல ஒரு பையில கட்டி வெச்சிருந்துச்சி. கொட்டினேன். ஸ்பேனரு, கத்தி, அதுக்கு அடியில தக்கை. சந்தனம் காஞ்சி, மேல குங்குமப் பொட்டு.

அய்யோ! பூஜையன்னிக்கு போட்ட கழுவினது நானு. தண்ணி வடியட்டும்னு தக்கைய புடுங்கி, அதுவும் தொழில் சாமான்தானேன்னு பொட்டு வெச்சி சாமி முன்னாடி வெச்சது நானு. திரும்ப மாட்டவே இல்ல.

அப்படியே பஸ் ஏறி படூர் போனேன். அபார்ட்மென்ட் கேட்டாண்ட காக்கிச் சட்டையில நின்னுகினு இருந்தான். தக்கைய அவன் கையில குடுத்து, "என் தப்புதான் மச்சான், மன்னிச்சிடு"ன்னேன்.

அவன் அத திருப்பிக்கூட பாக்கல. "முழுகும்போதே தெரியும். நீ பொட்டு வெக்கறப்போ பக்கத்துலதான இருந்தேன். நீயே மாட்டியிருப்பேன்னு நெனச்சிட்டேன்."

"தெரிஞ்சிமா சும்மா இருந்த? சொல்றதுக்கு இன்னா?"

"எப்படிச் சொல்றது? உன் புள்ளைங்க பாத்துகினு இருந்துச்சிங்களே."