சிவப்பு முள்ளும் குமுதவல்லி சிஸ்டரும்

"அப்பா, சிஸ்டர் போயிட்டாங்க" என்று மகள் போனில் சொன்னபோது, சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். "குமுதவல்லி சிஸ்டரா?" என்று நான் கேட்டது காதில் விழ, வரிசையில் நின்ற வரிச்சிக்குடி ஊர் அம்மா, "நம்ம வாட்ச்சு சிஸ்டரா? அடக் கடவுளே!" என்று தலையில் கை வைத்தார்.

குமுதவல்லி சிஸ்டர் எங்களோடு பணியாற்றிய செவிலியர். கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். அதில் சிவப்பு நொடி முள். நாடி பார்க்கும்போது டாக்டரே கூப்பிட்டாலும் அந்த முள்ளை விட்டுக் கண் நகராது. நொடி முள் இல்லாத கடிகாரத்தை யாராவது கட்டி வந்தால், "வளையல் நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?" என்பார்கள்.

என் மனைவிக்கு வலி கண்ட அன்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் எங்கள் நிலையத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. அழவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர், மேசையில் கழற்றி வைத்திருந்த கடிகாரத்தைக் கண்ணால் காட்டினார்கள்.

"தம்பி, அத எடுங்க. செவப்பு முள்ள மட்டும் பாத்து சத்தமா எண்ணுங்க. இந்தப் பக்கம் திரும்பக் கூடாது."

எண்ணினேன். முள் ஒரு சுற்று முடித்தும் சத்தமில்லை. "நிறுத்தாதீங்க!" என்றார்கள். அடுத்த சுற்றின் பாதியில் என் மகள் வீறிட்டாள். கூடவே நானும்தான்.

வெளியே மாமியார் ஜோசியரைப் போனில் பிடித்து வைத்திருந்தார். "மாப்ள, எத்தன மணிக்குப் பொறந்துச்சு? சொல்லுங்க."

நொடி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மற்ற இரண்டு முள்ளும் எங்கே நின்றன என்று சத்தியமாகத் தெரியாது. சிஸ்டரும் பார்க்கவில்லை.

"அம்மா, புள்ள நல்லா மூச்சு விடுது. ஜோசியர உத்தேசமா எழுதச் சொல்லுங்க" என்று சிரித்தார்கள். பிறகு என்னிடம், "எண்ணிக்கையும் வேணுந்தான். ஆனா இந்தப் பக்கம் பாத்து நீங்க மயங்கி விழுந்தா உங்கள யாரு பாக்குறது?" என்றார்கள்.

சிஸ்டரின் பணி ஓய்வு விழாவுக்குத் தங்க நிறக் கடிகாரம் ஒன்று வாங்கினோம். தேர்ந்தெடுத்த புத்திசாலி நான். பெட்டியைத் திறந்தால் இரண்டே முள்! சிஸ்டர் அதைத் தூக்கிக் காட்டி, "வளையலுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார்கள். சபை சிரிப்பில் அதிர்ந்தது.

நேற்று மண்டபத்தூரில் சிஸ்டர் வீட்டில், திதி குறிக்க வந்த பெரியவர், உயிர் பிரிந்த நேரத்தைக் கேட்டார். சிஸ்டரின் தம்பி திகைத்தார்.

"அக்கா கையில நாடியப் புடிச்சிக்கிட்டு, அதோட வாட்ச்சுல செவப்பு முள்ளயே பாத்துக்கிட்டு இருந்தேங்க. மணிய பாக்கல..."

என் மகள் அவர் தோளைத் தொட்டாள். "பரவால்ல மாமா. உத்தேசமா எழுதச் சொல்லுங்க. எனக்கும் அப்படித்தான் எழுதுனாங்க."

அழுதுகொண்டிருந்த வீடு சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்போடு போய் வாருங்கள், சிஸ்டர்.