கைக்குட்டையில் ஒரு அப்பம்

தெபோராளிடம் ஒரு மாம்பழத்தைக் கொடுத்தால் முதலில் காம்பைப் பார்ப்பாள், அப்புறம் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள், கடைசியில் கொடுத்தவன் முகத்தைப் பார்ப்பாள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் சிப்புகளை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் காலமெல்லாம் செய்த வேலை. அறுபது தாண்டி ஓய்வு பெற்று வந்த பிறகு பார்க்கச் சிப்பு கிடைக்கவில்லை. மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஜார்ஜ் டவுனில் அவள் போகிற தமிழ்ச் சபைக்குப் பின்கட்டில் இரண்டு அறைகள் இருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் தங்கள் வீடுகளுக்குத் தினம் போய்வர முடியாதவர்கள் அங்கே சும்மாவே தங்கிக்கொள்ளலாம். முன்பு அதன் சாவி பாஸ்டரிடம் இருந்தது. அவர் நல்ல மனுஷன், கேட்டவனுக்கெல்லாம் திறந்துவிட்டார். அப்படித் தங்கிய ஒரு மகராசன் போகும்போது சுவரில் இருந்த ஃபேனையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு கமிட்டி கூடி, சாவியைத் தெபோராளிடம் கொடுத்துவிட்டது. ஃபேன்கள் பிழைத்தன.

யுகேந்திரன் ஒரு மாலை நேரத்தில், தோளில் ஒரு பையோடு சபைக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தது. குடிகாரனாக இருக்குமோ என்று தெபோராள் ஒரு அடி முன்னே வந்து மோந்து பார்த்தாள். வியர்வை வாடைதான் வந்தது.

"எங்கம்மா வார்டுல இருக்காங்க ஆண்ட்டி. பொம்பளைங்க வார்டு, ராத்திரி ஆம்பளைங்கள விடமாட்டேங்குறாங்க. இங்க ரூம் இருக்குன்னு சொன்னாங்க."

"எந்தச் சபை தம்பி நீ?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். "பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட் ஆண்ட்டி. அங்க உள்ள சபைதான்."

"பாஸ்டர் பேரு?"

"பாஸ்டர் ராம்நாத்."

அவன் மணிக்கட்டில் சிவப்புக் கோயில் கயிறு கட்டியிருந்தது. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோனான். தெபோராள் சாவியைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு வீட்டுக்குப் போய், சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தன் பழைய தொழிற்சாலைத் தோழிக்குப் போன் போட்டாள். அந்த வட்டாரத்தில் பாஸ்டர் ராம்நாத் என்று யாரும் இல்லை.

மறுநாள் அவன் கயிற்றைக் காணோம். பதிலாகக் கழுத்தில் ஒரு சிலுவை தொங்கியது; பினாங்கு ரோட்டுத் தள்ளுவண்டியில் விற்கிற தகரச் சிலுவை, விலைச்சீட்டின் பசைகூடப் போகவில்லை. எதிரே வரும்போதெல்லாம் "அல்லேலூயா ஆண்ட்டி" என்றான், போலீஸ்காரருக்கு சலாம் வைப்பவனைப் போல. தெபோராளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேரே பாஸ்டரிடம் போனாள்.

"அவன் நம்ம ஆளே இல்ல பாஸ்டர். எல்லாம் பொய். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"அவன் அம்மா படுத்திருக்கிறதும் பொய்யாக்கா?"

"யார் கண்டா? அதையும்தான் பார்க்கணும்."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "சாவி உங்ககிட்ட இருக்கு. நீங்க என்ன முடிவு செஞ்சாலும் கமிட்டி ஏத்துக்கும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாருங்களேன்."

ஞாயிறு வரைக்கும்தானே என்று தெபோராள் பொறுத்தாள். ஆராதனை முடிந்ததும் அவன் பையை வெளியே வைக்கச் சொல்வதாக மனதுக்குள் தீர்மானம் ஆகிவிட்டது.

அந்த ஞாயிறு பாஸ்டர் மனதுருக்கத்தைப் பற்றிப் பேசினார். பரிதாபம் வேறு, மனதுருக்கம் வேறு என்றார். பரிதாபப்படுகிறவன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்து உச்சுக் கொட்டுவான். மனதுருகுகிறவன் படியிறங்கி வந்து தொடுவான். இயேசு குஷ்டரோகியைத் தொட்டாரே, தொடுவதற்கு முன்னால் நீ யார், எந்த ஊர், நல்லவனா கெட்டவனா என்று விசாரித்தாரா? பிரசங்கம் கேட்கும்போது, இது யாருக்குப் பொருந்தும் என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்து வைப்பது தெபோராளின் வழக்கம். அன்றைக்கும் நாலைந்து பேர் அகப்பட்டார்கள்.

பிறகு, அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து. சனங்கள் வரிசையாக முன்னே போய் முழந்தாளிட்டார்கள். தெபோராள் போகவில்லை. யுகேந்திரனும் எழுந்து வரிசையில் நின்றுவிட்டதைப் பார்த்ததும் அவளுக்குக் கால் நகரவில்லை. ஞானஸ்நானம் பெறாதவன் அந்தப் பந்திக்குப் போகலாமா? கடைசி பெஞ்சின் ஓரத்தில் நின்று, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் வட்டமான வெள்ளை அப்பத்தை அவன் கையில் வைத்தார். அவன் அதை வாயில் போடவில்லை. இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். சுற்றிலும் ஒருதரம் பார்த்தான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அப்பத்தை அதில் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கிண்ணம் தன் பக்கம் வருவதற்குள் எழுந்துவிட்டான்.

திருவிருந்து அப்பத்தைத் திருடிக்கொண்டு போய் செய்வினை வைக்கிறவர்கள் உண்டென்று சபைப் பெண்கள் குசுகுசுப்பதைத் தெபோராள் பலமுறை கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் நம்பியதில்லை. இப்போது நம்பினாள். கடைசி ஜெபம் முடிவதற்கு முன்பே அவன் வெளியேறினான். இவளும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

மெக்காலிஸ்டர் ரோட்டு வெயிலில் அவன் வேகமாக நடந்தான். சட்டைப் பையின் மேல் ஒரு கை வைத்தபடியே போனான். ஒரு கடையில் தண்ணீர் போத்தல் வாங்கினான். நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு முன்னால் நின்று உள்ளே பார்த்துவிட்டு, சாப்பிடாமலே நடந்தான். யாரையோ தேடுகிறான், கைமாற்றத்தான் போகிறான் என்று இவள் பத்தடி தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தபோது, சொன்னால் வெட்கம், அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பார்வை நேரக் கூட்டத்தோடு அவளும் மாடியேறினாள். வார்டின் கோடியில், ஜன்னலோரக் கட்டிலில், ஒரு அம்மாள் படுத்திருந்தார். எலும்பின் மேல் தோலைப் போர்த்தியது போல இருந்தார். வயிறு மட்டும் உப்பியிருந்தது. யுகேந்திரன் கைக்குட்டையைப் பிரித்தான். அந்த அம்மாள் படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினார்.

"எந்தக் கோயில் பிரசாதம்டா?"

"நான் தங்கியிருக்கிற கோயில்மா. ஐயரே கையில கொடுத்தாரு. எல்லாரும் அங்கயே சாப்பிட்டுட்டாங்க. நான் உனக்குன்னு கொண்டாந்துட்டேன்."

நிமிர்ந்தவன் தெபோராளைப் பார்த்துவிட்டான். அப்பத்தை அம்மா கையில் வைத்துவிட்டு, இவளை வார்டு வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு வந்தான்.

"எடுத்துட்டு வந்தது தப்பா ஆண்ட்டி? சாமி கொடுத்தது, வீட்டுல உடம்பு முடியாதவங்களுக்குக் கொண்டுபோறதுதானேன்னு..." கைக்குட்டையை மடித்தான். "நான் கிறிஸ்டியன் இல்ல. பொய்தான் சொன்னேன். இன்னிக்கே பையை எடுத்துட்டுப் போயிடுறேன். நேத்து டாக்டர் கூப்பிட்டு, இனிமே பக்கத்துலயே இருந்துக்கன்னு சொல்லிட்டாரு. பரவாயில்ல, கீழ மோட்டார் சைக்கிள் நிறுத்துற இடத்துல படுத்துக்குவேன், முன்ன அப்படித்தான் படுத்தேன். வெளிய படுக்கறேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"எதுக்குப் பொய் சொன்ன? அந்த ரூம் யாருக்கும் உண்டு. கிறிஸ்டியனுக்கு மட்டும்னு யார் சொன்னா?"

அவன் நிஜமாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தான்.

"நீங்கதானே ஆண்ட்டி முதல்ல, எந்தச் சபைன்னு கேட்டீங்க? இல்லைன்னா ரூம் கிடைக்காதுன்னு நெனச்சிட்டேன்லா."

ஆமாம், தெபோராள் கேட்டாள்தான். வருகிற எல்லோரிடமும் முதலில் அதைத்தான் கேட்பாள். இவனிடம் பாஸ்டர் பேரைக் கேட்டாள், பொய்யா என்று ஊரெல்லாம் விசாரித்தாள், மோந்துகூடப் பார்த்தாள். உங்கம்மாவுக்கு என்ன உடம்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவளுடைய சந்தேகம் சரியாகத்தான் இருந்தது, அவன் பொய்க்காரன்தான். அந்தப் பொய்யை அவன் வாயில் வைத்தவளே அவள்தான்.

"உங்கம்மா பேரு என்ன?" என்றாள்.

"வள்ளியம்மா."

அதற்குள் கட்டிலிலிருந்து வள்ளியம்மா கூப்பிட்டார். "யாருடா வந்திருக்கறது? ரூம் கொடுத்த அம்மாவா?"

யுகேந்திரன் பயத்தோடு தெபோராளைப் பார்த்தான். "ஆமாங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டிலருகே போனாள்.

வள்ளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திய இடமெல்லாம் பிளாஸ்திரி. "பிள்ளை ரெண்டு ராத்திரி கொசுக்கடியில கிடந்தான். நீங்க இடம் கொடுத்தீங்கன்னு சொன்ன அன்னிக்குத்தான் நான் தூங்கினேன். நல்லா இருப்பீங்க தாயி."

பிறகு அப்பத்தை இரண்டாகப் பிட்டார். அதற்கே மூச்சு வாங்கியது. ஒரு பாதியை நாக்கில் வைத்துக்கொண்டு, மற்றதை நீட்டினார்.

"சாமி பிரசாதத்தைத் தனியா திங்கக்கூடாது. எடுத்துக்கம்மா."

குருப்பட்டம் பெற்றவர் கையைத் தவிர வேறு கையிலிருந்து அதைத் தெபோராள் வாங்கியதே இல்லை. சட்டமெல்லாம் அவளுக்குத் தெரியும். அன்று காலையில் தான் பந்திக்குப் போகாமல், கடைசி பெஞ்சில் நின்று வேவு பார்த்ததும் தெரியும். அந்த அம்மாளின் கை நீட்டியபடியே இருந்தது.

குடையைக் கட்டில் காலில் சாய்த்துவிட்டு, தெபோராள் முழந்தாளிட்டாள். பந்தியில் ஏந்துவது போல, வலது கையை இடது கையின் மேல் வைத்து ஏந்தினாள்.