உறவினர் பெயர் கேட்ட இணையதளம்

கள்ளிக்குப்பத்து வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து, ஆன்லைனில் அழைப்பிதழ் விற்கும் இணையதளம் ஒன்றை உருவாக்கினேன். மாவிலைத் தோரணம் வரைந்ததும் நான், கோடிங் எழுதியதும் நான். ‘உற்றார் உறவினர்’ என்ற இடத்தில் பெயர் எழுதாவிட்டால் ஆர்டர் போகாது. பத்திரிகை என்றால் அது இல்லாமலா என்று நினைத்துவிட்டேன்.

ஒரு மதியம் ஆவடியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்.

“தம்பி, புதுசா ஊடு கட்டிக்கீறேன். கிரகப்பிரவேசப் பத்திரிகைக்குச் சொந்தக்காரங்க பேரு கேட்டுகினே கீது. எனக்குதான் யாரும் இல்லியே. இன்னா போடறது?”

“மன்னிச்சிடுங்கம்மா, இப்பவே அதை எடுத்துடறேன்” என்றேன்.

“எடுக்காத. உம் பேரைப் போட்டுக்கட்டுமா?”

பால் காய்ச்சும்போது போய் நின்றேன். எத்தனையோ பத்திரிகை வரைந்திருக்கிறேன். உறவினர் என்று என் பெயர் வந்தது அந்த ஒன்றில்தான்.