ஏஞ்சலம்மாள் நித்திரையடைந்த ஞாயிறு

தாராவியில் தனசீலனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உபதேசியார் என்பார்கள். அந்தப் பட்டத்தைத் திருச்சபை கொடுக்கவில்லை, சனம் கொடுத்தது. டிராம்பேயில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைப்பதுதான் அவர் பிழைப்பு. பாதிரியார் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற ஞாயிறுகளில் சாயங்காலம் நாலு மணிக்குத் தனசீலன் வீட்டு வாசல்தான் கோயில். தெற்குச் சீமை நாசரேத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் சந்து நிறையப் பாய் விரித்து உட்காருவார்கள். யார் வேலை போனாலும், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் உபதேசியார்தான் முதலில் போய் நிற்பார். ஊருக்கெல்லாம் ஓடுகிற மனுஷனுக்கு வீட்டுப் பக்கம் ஓடத் தெரியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அறுபத்துநாலாம் வருஷம் அவர் மனைவி ஏஞ்சலம்மாளுக்குக் காசநோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளையில்லாத வீடு. இருந்த ஒருத்தியும் கட்டிலில் விழுந்தாள். இருமல் அவளைக் கண்மூட விடவில்லை. வாரநாளில் அவர் ஷிப்ட் முடிந்து ஓடினால் வார்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். ஞாயிறு மட்டும் நாலு மணியிலிருந்து ஆறுவரை பார்க்கலாம். கூட்டமும் அதே நாலு மணிக்கு. மாற்றியிருக்கலாம், யாரும் கழுத்தைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

"என் சொந்தக் கஷ்டத்துக்காவ ஊழியத்த நிறுத்துனா, நாளைக்கு எந்த வாயால நான் தைரியம் சொல்லுவேன்?" என்றார்.

அதனால் ஞாயிறுதோறும் கஞ்சி கொண்டுபோனவள் அடுத்த வீட்டு ஆபிதா. கடையநல்லூர்க்காரி. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே இவர்கள் ஜெபம், பாட்டு, துக்கம் எல்லாம் கேட்டுப் பழகியவள்.

அந்த மழைக்கால ஞாயிற்றில் தனசீலன் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். ஆபிதா வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தாள். கூட்டத்துக்கு நடுவில் பேசுகிறோமே என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பதவிசாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, மைனி நித்திரையடஞ்சிட்டாவ."

சொல்லிவிட்டு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கிறிஸ்தவர் வீட்டில் நித்திரையடைந்தார் என்றால் ஒரே அர்த்தம்தான். பெண்கள் ஓவென்று கதறினார்கள். சபையில் மூத்தவரான சிங்கராயர் பாய்ந்து எழுந்தார். தனசீலன் கையைக் காட்டி எல்லாரையும் உட்காரச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து பேசினார். நாக்கு தானாக ஓடியது. நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. இத்தனை கண்ணும் தன்னையே பார்க்கின்றன என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பிரசங்கத்தை முடித்து, பாட்டுப் பாடி, முடிவு ஜெபமும் சொன்னார். பிறகுதான் செருப்பை மாட்டினார்.

பஸ்ஸில் ஒரு கூட்டமே அவரோடு ஏறியது. வழியெல்லாம் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

வார்டில் ஏஞ்சலம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தனசீலன் அவள் காலைத் தொட்டார். சுட்டது. நெஞ்சு ஏறி இறங்கியது. "புது மருந்து. இப்பதான் நல்லாத் தூங்குறாங்க, எழுப்பாதீங்க" என்று நர்ஸ் அதட்டினாள். ஆபிதாவையும் அதற்காகத்தான் சீக்கிரம் அனுப்பியிருந்தாள். ஆபிதா வீட்டில் சாவுக்கு மௌத்து என்பார்கள். உபதேசியாரிடம் வெறும் தூக்கம் என்று சொல்லலாமா என்று, கேட்டுப் பழகிய சொல்லில் நல்ல சொல்லாகப் பொறுக்கியெடுத்திருக்கிறாள் அந்த அப்பாவி.

தனசீலன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அந்தச் சத்தத்தில் ஏஞ்சலம்மாள் விழித்தாள்.

"என்ன, இன்னைக்கிக் கூட்டம் இல்லையா?"

சிங்கராயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தாயி, நீ போய்ட்டன்னு சேதி வந்தும் இவுக நின்ன எடத்த விட்டு அசையலம்மா! பிரசங்கத்த முடிச்சி, பாட்டும் பாடிட்டுத்தான் எறங்குனாவ. என்ன விசுவாசம்!"

ஏஞ்சலம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"நான் செத்துட்டேன்னு தெரிஞ்ச பொறவா?"

"ம்."

"முடிவு ஜெபமும் சொன்னியளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தாராவி முழுக்க அவர் விசுவாசம்தான் பேச்சு. பாதிரியார்கூட மெச்சிச் சொல்லியனுப்பினார். தனசீலனுக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. எவனாவது ஒருவன், பெண்டாட்டி செத்தாள் என்றதும் ஓடாமல் அங்கே என்னய்யா பேச்சு என்று காறித் துப்பியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அவர் வார்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கூட்டத்துக்கு நேரமாவலியா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சிங்கராயர் பாத்துக்கிடுவாரு."

என்ன பேசுவதென்று தெரியாமல், தெரிந்ததைச் செய்யக் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார்.

"ஜெபம் வேண்டாம்" என்றாள் ஏஞ்சலம்மாள். "அது ஊரெல்லாம் பண்ணுதாவ. நீங்க சும்மா இருங்க."

கூப்பிய கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆறு மணி அடிக்கிறவரை ஒன்றும் பேசாமல் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பவில்லை. போகச் சொல்லவும் இல்லை.