சிகரெட் டின்னுக்குள் சூடம்

கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் வந்த எமர்ஜென்சி முடிந்து, காட்டுக்குள் பயமில்லாமல் போகலாம் என்று ஆகியிருந்த நேரம். குனோங் லேடாங் மலையேறுவதற்காக காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்து, ஒரு சிகரெட் டின்னில் தீக்குச்சி, தூண்டில் முள், ஊசி நூல், பஞ்சு எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தேன். காட்டில் மாட்டிக்கொண்டால் உயிரைக் காப்பாற்றுமாம். வெள்ளைக்காரன் புத்தகத்தில் படித்தது.

மனைவி சூடத்தை நீட்டினாள். “மழையா இருக்குங்க, இதையும் வைங்க.”

“நான் என்ன கோயிலுக்கா போறேன்?” என்று எரிந்து விழுந்து, ஒதுக்கித் தள்ளினேன்.

மலையில் கொட்டுகிற மழை. கூட வந்த சீன நண்பன் ஆ செங் ஓடையில் வழுக்கி விழுந்தான். குளிரில் உதடு நீலம் பாரித்து, பேச்சே வரவில்லை. என் தீக்குச்சிகள் எரிந்தன. ஈர விறகு பற்றவே இல்லை. மிச்சம் ஒரே குச்சி. பதறிப்போய் டின்னைக் கவிழ்த்தேன். பஞ்சுக்குள்ளிருந்து சூடம் விழுந்தது! எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள்.

சூடம் எரிய எரிய, ஈரச் சுள்ளியும் சடசடவென்று பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் தீயின் மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆ செங்கும் அதேபோல் ஒற்றிக்கொண்டு சிரித்தான். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

வீட்டில் டின்னைத் திறந்து பார்த்த மனைவி கேட்டாள்: “கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களா?”

“ஆமா” என்றேன். அவளிடம் தோற்று அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.