கண்ணுக்கு ஆகாத அலை

எனக்கு முதல்முறை வலிப்பு வந்தபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் முன்னறையில், கூரையிலிருந்து சரம் சரமாகத் தொங்கிய சின்ன எல்.இ.டி. விளக்குகளை. கல்யாண மண்டபங்களுக்கு ஒளி அலங்காரம் செய்வது என் தொழில். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் விளக்குகள் நிறைந்த பெரிய கனசதுரம் அது. அதற்குள் அலை ஓடவைக்கக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கணக்கு கடினமில்லை. ஒரு விளக்கு எப்போது ஒளிர வேண்டும் என்பதை அது தொங்கும் இடம்தான் தீர்மானிக்கும். கீழ்மூலை ஒன்றிலிருந்து எதிர் மேல்மூலை வரை தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அலை சாய்வாக ஏறும். நடுவிலிருந்து தூரத்தை அளந்தால், குளத்தில் கல் விழுந்ததுபோல வளையம் வளையமாக விரியும். அன்று அந்த வளையங்களை வேகப்படுத்திப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் அலை மறைந்து, வெறும் மினுக்கல் மட்டும் மிஞ்சியது. இரும்பை நக்கியதுபோல வாயில் ஒரு சுவை. அடுத்து எனக்குத் தெரிந்தது, தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறேன், மனைவி என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"சில பேருக்கு வேகமா மினுக்குற வெளிச்சம் ஆகாது. மாத்திரையை நிறுத்தாதீங்க. எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா ஒரு கண்ணை உள்ளங்கையால நல்லா மூடிக்கிட்டு முகத்தைத் திருப்பிடுங்க. முடிஞ்சா வேலையை மாத்திக்கங்க" என்றார் டாக்டர்.

வேலையை மாற்றவில்லை. வேறு வேலை தெரியாது என்பது ஒரு காரணம். சாய்வான அலை முதல்முறை சரியாக ஏறும்போது வரும் சந்தோஷத்தை விட மனமில்லை என்பது இன்னொன்று. ஆனால் பயம் வீட்டோடு தங்கிவிட்டது. பைக் ஓட்டுவதை விட்டேன். பஸ் ஜன்னலில் மரங்களுக்கிடையே வெயில் விட்டுவிட்டு அடித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மனைவி என்னோடு வேலைக்கு வரத் தொடங்கினாள். சோதனை ஓட்டத்தின்போது சுவிட்சில் கைவைத்தபடி, விளக்குகளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. வலிப்பு உள்ளவனை நம்பி யார் கரண்டு வேலை கொடுப்பார்கள்?

திருச்சி கே.கே. நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடைக்கு மேலே கனசதுரத்தை மதியத்துக்குள் கட்டி முடித்துவிட்டோம். மணப்பெண்ணின் அண்ணன் வந்து பார்த்தார்.

"நல்லாருக்குண்ணே. ஆனா ரொம்ப மெதுவா போகுதே. பாட்டுக்கு ஏத்த மாதிரி படபடன்னு அடிக்கணும்."

"மெதுவா போனாத்தாங்க அலை தெரியும். வேகமா விட்டா வெறுமனே மினுக்கும்."

அவருக்குத் திருப்தியில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்.

"நான் டீ வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கீழே போனாள். ஓரத்தில் ஒரு சரம் மட்டும் எரியாமல் இருந்தது கண்ணை உறுத்தியது. ஏணியில் ஏறி அதன் இணைப்பை அசைத்தேன். உள்ளே ஏதோ வயர் தளர்ந்திருக்க வேண்டும். மொத்தக் கனசதுரமும் என் முகத்துக்கு நேரே வெட்டி வெட்டி மின்னத் தொடங்கியது.

கண்களை மூடினேன். இமைக்குள்ளும் சிவப்பாக வெட்டியது. வாயில் அந்த இரும்புச் சுவை. கத்த நினைத்தேன், நாக்கு எழவில்லை. இங்கிருந்து விழுந்தால் மேடையின் விளிம்பில்தான் தலை படும் என்று மட்டும் தெளிவாகத் தோன்றியது. உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தி மூடி, முகத்தைத் தோளுக்குள் திருப்பிக்கொண்டு, மறுகையால் ஏணியைக் கட்டிப்பிடித்தேன். காலால் அடுத்த படியைத் துழாவினேன். கிடைக்கவில்லை. கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் பயத்தாலா, அதுதான் ஆரம்பித்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

திடீரென்று இருட்டு. யாரோ என் இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். மணப்பெண்ணின் அண்ணன்தான். விளக்குகள் தாறுமாறாக மின்னுவதைப் பார்த்து ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

டீயோடு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே ஓடிவந்தாள். "என்னங்க, வந்துடுச்சா?"

"இல்ல. வரல."

"என்னண்ணே வரல?" என்று அவர் கேட்டார். மறைக்கத் தெம்பில்லை, சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? ஏணியில ஏறி நிக்கிறீங்க! விழுந்திருந்தா கல்யாண வீட்ல என்ன ஆயிருக்கும்?" என்று கத்தினார். சாமான்களைக் கட்டச் சொல்வார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மண்டபத்து எலக்ட்ரீஷியனை அவரே கூட்டிவந்தார். அவரை ஏணியில் ஏற்றி, நான் கீழேயிருந்து சொல்லச் சொல்லச் சரிசெய்ய வைத்தார். ஏணியைத் தானே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அலை மெதுவாகவே சாய்ந்து ஏறியது. வேகத்தைப் பற்றி அவர் பேசவில்லை. குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக் கை தட்டினார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப்போல் இன்னொருவர் அங்கே இருந்தால்?

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "இந்த வேலையை விடுங்கன்னு சொல்லல. ஏணி மட்டும் இனிமே வேணாம்."

"சரி" என்றேன். ஸ்ரீரங்கம் வரும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை.