வாவியில் ஊறிய கொப்புகள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. வாவிக் கரையில் பாட்டு விழா வைக்கப்போகிறார்கள் என்று கேட்டதுமே எனக்கு நித்திரை போய்விட்டது. சத்தத்துக்கு மீன் கலையுமா, சனம் தோணியில் ஏறிக் கவிழ்க்குமா, போத்தல் உடைந்து காலில் ஏறுமா?

"மறுகா என்ன யோசினை? பிளாஸ்டிக்கே கொண்டுவர மாட்டாங்களாம். வாழையிலைச் சோறு, சிரட்டையில தேத்தண்ணி. நல்ல புள்ளைகள்தானே," என்றாள் மனைவி.

நல்ல பிள்ளைகள்தான். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துப்புரவு செய்திருக்கிறார்கள். அந்த நேரம் நான் மாமியாரோடு ஆஸ்பத்திரியில் நின்றேன்.

விழாவன்று காலை தோணியை எடுத்துக்கொண்டு போனால் என் கொப்புகளைக் காணவில்லை. மரக்கொப்புகளைத் தண்ணீரில் நாட்டி வைப்போம். மாதக்கணக்கில் ஊறிப் பாசி பிடித்தால்தான் இறால் வந்து அடையும். எது யாருடையது என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவன் கொப்பை மற்றவன் தொடமாட்டான். அதனால் அடையாளமென்று ஒரு துணித்துண்டுகூடக் கட்டுவதில்லை.

கரைக்கு வந்தால் விழா தொடங்கியிருந்தது; கொப்புகள் மேடையில் நின்றன. பாசியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பாடுகிறவர்களுக்குப் பின்னால் அலங்காரமாகக் கட்டியிருந்தார்கள். கீழே ஒரு பலகை: 'வாவிக் குப்பையிலிருந்து கலை'. இரண்டு தரம் வாசித்தேன்.

"ஆரு தம்பி இதைக் குப்பை எண்டது?"

விழாப் பொறுப்பாளர் ஓடி வந்தார். "மன்னிச்சிருங்க அண்ணன், பட்ட கொப்பெண்டு நினைச்சம். விழா முடியத் திரும்ப நட்டுத் தாறம்."

"பாசியையும் ஒட்டித் தருவீங்களா?"

நான் கத்தியோடு மேடையில் ஏறிக் கயிறுகளை அறுத்தேன். பாயில் இருந்த சனம் கைதட்டியது. ஃபோனைத் தூக்கிப் படமெடுத்தது. அதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். என் வயிற்றெரிச்சலுக்குக் கைதட்டல்!

அன்றே கொப்புகளைப் பழைய இடத்தில் நாட்டினேன். பாசி பிடிக்கும்வரை இறால் கிடையாது. அடுத்த வருசமும் விழா வருமே என்ற பயத்தில், மனைவியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினேன்.

பக்கத்துத் தோணிக்காரன் துடுப்பை நிறுத்திப் பார்த்தான்.

"என்ன மச்சான், எங்களையும் கள்ளனாக்கிப் போட்டாய்?"